நானூற்றுத் தொண்ணூற்றேழாம் நாள்

கதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்பது தெரியாமலேயே இதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். அதற்காக வாசகர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இதுவரை நான் எழுதியவை எல்லாம் நாடித்துடிப்பு, காய்ச்சல் அளவு, கொடுத்த மருந்து, கொடுத்த நேரம் ஆகியவை மட்டுமே. அவற்றில் அலங்காரத்துக்கு இடமில்லை. இதிலும் அலங்காரம் குறைவாகத் தென்பட்டால், அது தொழிலின் பழக்கம் என்று கருதி மன்னிக்க வேண்டுகிறேன்.

என் பெயர் அருணா. செவிலியர் பட்டயப் படிப்பை முடித்த பின் கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் பொது வார்டில் ஆறு ஆண்டுகள் பணியாற்றினேன். மாதத்தில் பதினைந்து நாட்கள் இரவுப் பணி. உடல் ஒத்துழைக்க மறுத்தபோது, ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் மருத்துவ அறைக்கு ஒப்பந்த ஊழியராக வந்து சேர்ந்தேன். காலை ஆறு மணி முதல் இரண்டு மணி வரை என் நேரம். இரண்டு படுக்கைகள், ஓர் ஆக்சிஜன் உருளை, ஒரு மருந்து அலமாரி, அறையைத் துப்புரவாக வைத்துக்கொள்ளும் மாதம்மாள் அக்கா, நான். மருத்துவர் வாரத்தில் இரண்டு மாலைகள் மட்டும் வருவார்.

வார்டில் நோயாளி வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்று பொருள். தொழிற்சாலையில் அப்படி இல்லை என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. இங்கே வருபவர்களில் பாதிப் பேர் வலிக்காத தலையை வலிப்பதாகச் சொல்லி, வேலை நேரத்தில் வீட்டுக்குப் போக அவுட் பாஸ் கேட்பார்கள். மீதிப் பாதிப் பேர் வலிக்கிற கையை வலிக்கவில்லை என்று சொல்வார்கள்.

முதல் வகையினர் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை. இரண்டாம் வகையினரை உருவாக்கியது நுழைவாயிலில் இருந்த பச்சைப் பலகை. விபத்தில்லாமல் கடந்த நாட்களின் எண்ணிக்கையை அதில் தினமும் காலை ஆறு மணிக்குக் காவலர் மாற்றி வைப்பார். ஐந்நூறாவது நாளில் அறுநூற்றுப் பன்னிரண்டு தொழிலாளர்களுக்கும் ஆளுக்கொரு ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர் வழங்கப்படும் என்று நிர்வாகம் அறிவித்திருந்தது. குக்கர்கள் வந்து கிடங்கில் அடுக்கப்பட்டும் விட்டன. ஒருவர் வேலைக்குத் திரும்ப முடியாத அளவுக்குக் காயப்பட்டால் பலகை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். காயப்பட்டவர் யார் என்பதும் அன்று மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இதையொட்டி எங்கள் அறையில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. எனக்கு முன்பிருந்த செவிலியர் காலத்திலிருந்தே வருகிற வழக்கம். காயம் என்று யார் வந்தாலும், பதிவேட்டில் முதலில் பென்சிலால் எழுத வேண்டும். பாதுகாப்பு அதிகாரி சுரேந்தர் சார் மதியத்துக்கு மேல் வந்து பார்ப்பார். "வெட்டு" என்பதைச் "சிராய்ப்பு" என்றும், "ஓய்வு தேவை" என்பதை "இலகுவான வேலை தரலாம்" என்றும் மாற்றச் சொல்வார். பிறகுதான் பேனாவால் எழுதுவோம். அவர் கெட்ட மனிதர் அல்லர். என்னிடம் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. நானும் ஒருநாளும் மறுத்ததில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பலகையில் 497 என்று இருந்தது.

காலையில் வழக்கம்போல் அசெம்பிளி பிரிவின் பொற்கொடி முதல் ஆளாக வந்து நின்றார். தர்மபுரிப் பக்கத்துப் பெண். எதற்கும் அஞ்சாமல் பேசுவார்.

"தலைவலி மாத்திரை ரெண்டு குடுங்க சிஸ்டர். அவுட் பாஸ் கேட்கல. பயப்படாதீங்க."

"நேத்தும் வாங்கினீங்களே பொற்கொடி?"

"நேத்து வலி நேத்தோட போச்சு. இது இன்னைக்கு வலி." மாத்திரையை வாங்கிக்கொண்டு, "இன்னும் மூணு நாளு. எங்க மாமியாரு குக்கருக்குப் பொட்டு வெக்க இப்பவே குங்குமம் வாங்கி வெச்சிருக்குது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பதரை மணிக்குத் தப்ரேஸ் வந்தார். இயந்திரப் பராமரிப்புப் பிரிவின் ஃபிட்டர். இருபத்தேழு வயது. கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் கம்பெனிப் பேருந்தில் வருபவர். அதிகம் பேசமாட்டார். வலது கையின் ஆட்காட்டி விரலை நீட்டினார்.

"பிசிறு குத்திருச்சு சிஸ்டர். ஒரு பிளாஸ்திரி போதும்."

விரல் நுனியில் கடுகளவுகூட இல்லாத ஒரு துளை. இரத்தம் இல்லை. சுற்றிலும் சற்றே உப்பியிருந்தது. இரும்புப் பிசிறு உள்ளே தங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். ஒரு துளி எண்ணெய் கசிந்தது. பஞ்சால் துடைத்தேன். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிரஸ் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவரின் கையில் எண்ணெய் இருப்பதில் வியப்பென்ன என்றுதான் நினைத்தேன்.

"வலிக்குதா?"

"மரத்த மாதிரி இருக்குது. வலி இல்ல."

தடுப்பூசி போட்டு, பிளாஸ்திரி ஒட்டினேன். பதிவேட்டில் பென்சிலால், "இரும்புப் பிசிறு குத்தியது. சிறு காயம். பணிக்குத் திரும்பினார்," என்று எழுதினேன். சுரேந்தர் சார் வந்து திருத்தத் தேவையில்லாதபடி நானே எழுதக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்பதை இப்போது எழுதும்போது வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

பதினொன்றரைக்கு மேல், தேநீர்க் கோப்பைகளைக் கழுவப் போயிருந்த மாதம்மாள் அக்கா திரும்பி வந்தார். அவர் குந்தாரப்பள்ளிக்காரர். எதையும் வேலையை நிறுத்தாமலேயே சொல்வார்.

"அந்த பாய் இடது கையால டீ குடிச்சினு இருந்தாரு. வலது கைய மார்ல வெச்சுப் புடிச்சினு இருக்காரு, பச்சக் கொழந்தைய வெச்சிக்கற மாதிரி."

"காலையில வலி இல்லன்னாரேக்கா."

"வலி இருக்கறவங்க இருக்குதுன்னு எங்க சொல்றாங்க. இன்னும் மூணு நாளைக்கு இங்க யாருக்கும் எதுவும் வலிக்காது."

"கையில எண்ணெய் கூடத் துடைக்காம வந்தாரு. நான்தான் துடைச்சேன்."

மாதம்மாள் அக்காவுக்கு இது பொறுக்கவில்லை. கையைக் கழுவாமல் ஒருவரையும் அவர் அறைக்குள் விடுவதில்லை. அது அவருடைய சட்டம். "எங்கிட்டயே சொல்றீங்களே சிஸ்டர். வாசல்ல நிக்க வெச்சு சோப்பு போட்டு ரெண்டு தடவ கழுவ வெச்சேன். நகக்கண்ணுல கூட அழுக்கு இல்ல. வேணும்னா அவரையே கேளுங்க."

நான் எழுந்து நின்றுவிட்டேன். இரண்டு முறை கழுவிய கையில் எண்ணெய் எங்கிருந்து வரும்? குப்பைக் கூடையைத் திறந்து காலையில் போட்ட பஞ்சைத் தேடி எடுத்தேன். நடுவில் மட்டும் மஞ்சளாக ஒரு வட்டம். மற்ற இடமெல்லாம் வெள்ளையாகவே இருந்தது. எண்ணெய் விரலின் மேல் இருக்கவில்லை. விரலின் உள்ளிருந்து வந்திருக்கிறது.

சென்ற ஜூன் மாதம் தொழிற்சாலைச் செவிலியர்களுக்காக நடந்த ஒருநாள் பயிற்சியில், கை அறுவை மருத்துவர் ஒருவர் ஒரு படத்தைக் காட்டினார். ஊசி குத்தியது போன்ற ஒரு துளை. அடுத்த படத்தில் மணிக்கட்டு வரை அகற்றப்பட்ட கை. உயர் அழுத்தத்தில் ஓடும் எண்ணெய்க் குழாயில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்தால், அதிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே பாய்ந்துவிடும். முதலில் வலிக்காது. சில மணி நேரத்தில் உள்ளே சதை இறக்கத் தொடங்கும். ஆறு மணி நேரத்துக்குள் திறந்து கழுவாவிட்டால் விரல் போகும், சிலருக்குக் கையே போகும் என்று அவர் சொன்னார். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதும், பக்கத்தில் இருந்தவருடன் மதிய உணவு பற்றிப் பேசியதும் நினைவுக்கு வந்தன.

செவிலியர் பிரஸ் பிரிவுக்குள் முன்னனுமதி இல்லாமல் போகக்கூடாது. அன்று போனேன். நான்காம் எண் பிரஸ்ஸின் அடியில் தப்ரேஸ் மண்டியிட்டிருந்தார். வலது கையில் கையுறை. இடது கையால் ஸ்பேனரைத் திருகிக்கொண்டிருந்தார்.

"தப்ரேஸ், கையைக் காட்டுங்க."

"வேலை இருக்குது சிஸ்டர். ரெண்டு மணிக்குள்ள இத ஓட்டிக் குடுக்கணும்."

"காட்டிட்டு வேலையைப் பாருங்க."

கையுறையைக் கழற்ற அவருக்கு வெகு நேரம் பிடித்தது. பற்களைக் கடித்துக்கொண்டார். விரல் இரு மடங்காகப் பருத்து, வெளுத்து, மெழுகு போல மின்னியது. மடக்கச் சொன்னேன். மடங்கவில்லை.

"காலையில என்ன குத்துச்சு?"

"சொன்னனே. பிசிறு."

"எண்ணெய்க் குழாய்ல, அந்த ஓஸ்ல, கசிவு பார்த்தீங்களா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். இரைச்சலில் யாருக்கும் கேட்டிருக்காது என்றாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்கியோ லீக்கு. கண்ணுக்குத் தெரியல. கையால தடவிப் பார்த்தேன். எல்லாரும் அப்பிடித்தான் பார்ப்போம்."

"மெஷின் ஓடிட்டிருந்துச்சா?"

"ஓடுனாத்தான சிஸ்டர் லீக்கு எங்கன்னு தெரியும்."

"மணி என்ன இருக்கும்?"

"ஏழு பத்து."

அப்போது மணி பதினொன்று ஐம்பது. நான்கு மணி நாற்பது நிமிடங்கள் போய்விட்டன. அவற்றில் இரண்டு மணி இருபது நிமிடங்கள் என் பிளாஸ்திரிக்குக் கீழே போயிருந்தன.

அவரை மருத்துவ அறைக்கு அழைத்து வந்து, கையை உயர்த்தி வைத்துப் படுக்க வைத்தேன். பயிற்சியில் குறித்துவைத்திருந்த எண்ணை அழைத்தேன். அந்த மருத்துவர் கர்நாடக எல்லைக்கு அப்பால், அத்திப்பள்ளி தாண்டி உள்ள மருத்துவமனையில் இருந்தார். தயக்கத்துடன் பெயரைச் சொல்லி, தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கேட்டு முடிக்கவில்லை.

"எத்தனை மணிக்கு ஆச்சு? எந்த ஆயில்? பிரஷர் எவ்வளவு?"

முதல் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது.

"ஐஸ் வெக்காதீங்க. இறுக்கிக் கட்டாதீங்க. சாப்பிட ஒண்ணும் குடுக்காதீங்க. ஒரு மணிக்குள்ள இங்க இருக்கணும். ஆயிலோட பேப்பர் கையில கொண்டாங்க. அது இல்லாம எவ்வளவு திறக்கணும்னு எனக்குத் தெரியாது, சிஸ்டர்."

எண்ணெய் விவரத் தாள் சுரேந்தர் சாரின் அலமாரியில் இருந்தது. ஆம்புலன்ஸ் வாயிலைத் தாண்ட விபத்துப் படிவம் வேண்டும். அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். மூன்று நிமிடங்களில் வந்துவிட்டார். விரலைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"சிஸ்டர், மூணே நாள்."

"தெரியுங்க சார்."

"இவரு போக வேண்டாம்னு நான் சொல்லல. என் கார்ல நானே கூட்டிட்டுப் போறேன். லீவ் போட்டுக்கலாம். வீட்ல தண்ணி மோட்டார் ரிப்பேர் பண்ணப்ப குத்திருச்சுன்னு சொல்லிடலாம். தப்ரேஸ், உனக்குச் சம்மதம்தான?"

"நானே அதத்தான் சார் சொல்லலாம்னு இருந்தேன்," என்றார் படுக்கையிலிருந்து தப்ரேஸ். "என்னால எல்லாருக்கும் போச்சுன்னு ஆயிடும்."

இருவரும் ஒரே கருத்தில் இருக்க, நடுவில் நான் மட்டும் வேறாக இருந்தேன். "சார், தயவுசெஞ்சு தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டு மோட்டார்ல பிரஸ்ல இருக்கற அளவு பிரஷர் இருக்காதுங்க. டாக்டர் அத நம்பினா விரல் நுனிய மட்டும்தான் திறப்பாங்க. எண்ணெய் உள்ளங்கை வரைக்கும் போயிருந்தா அங்கியே நின்னுரும்."

நான் பதிவேட்டை எடுத்து மேசையில் விரித்தேன். விபத்து நேரம் ஏழு பத்து என்று எழுதத் தொடங்கினேன்.

"பென்சில் இல்லையா சிஸ்டர்?"

"இருக்குதுங்க சார்," என்று சொல்லிவிட்டுப் பேனாவாலேயே எழுதினேன்.

"இது உங்களுக்கும் பிரச்சினை. ஒன்பதரைக்குப் பார்த்துத் திருப்பி அனுப்பிட்டீங்கன்னு வரும். உங்க கான்ட்ராக்ட் அடுத்த மாசம் முடியுது."

காலையில் பென்சிலால் எழுதிய வரி மேலே அப்படியே இருந்தது. அழிப்பதற்கு ஒரு நொடிகூட ஆகாது. அதன் எழுத்துகளின் மேலேயே பேனாவை ஓட்டினேன். சிறு காயம், பணிக்குத் திரும்பினார், அருணா, ஒன்பது முப்பது. "வரட்டுங்க சார். அதுதானே நடந்தது," என்றேன். இதைச் சொன்னபோது நான் துணிவுடன் இருந்தேன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அவர் முகத்தைப் பார்க்காமல் பேனாவின் முனையைப் பார்த்தபடியேதான் சொன்னேன்.

அவர் பதிவேட்டைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். படிவத்தில் கையெழுத்துப் போட்டார். பின் அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. எண்ணெய்த் தாளை எடுத்து வர ஆள் அனுப்பாமல் தானே ஓடினார். ஐம்பது வயதுக்காரர், பாதுகாப்புக் காலணிகளுடன், ஓடக் கூடாது என்று அவரே எழுதி வைத்திருந்த நடைபாதையில் ஓடினார்.

பன்னிரண்டு பதினைந்துக்குப் புறப்பட்டோம். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் சென்னப்பன் அண்ணன் தேன்கனிக்கோட்டைப் பக்கத்தவர். வீட்டில் தெலுங்கு, எங்களுடன் தமிழ், எல்லையைத் தாண்டினால் கன்னடம். வாயிலில் ஆம்புலன்ஸின் ஒலி கேட்டுப் பிரிவுகளின் வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். தப்ரேஸ் கண்களை மூடிக்கொண்டார்.

ஜூஜூவாடியைத் தாண்டியதும் வாகனங்கள் நின்றுபோயிருந்தன. முன்னால் எங்கோ ஒரு கன்டெய்னர் லாரி பழுதாகிக் குறுக்கே நிற்பதாகச் சொன்னார்கள். மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. பத்து நிமிடம் நாங்கள் ஓர் அடிகூட நகரவில்லை. வெளுப்பிலிருந்து ஊதாவுக்கு மாறிக்கொண்டிருந்த விரல் ஒன்றைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பது எத்தகையது என்பதை விவரிக்க எனக்குச் சொல்வளம் போதாது.

"குக்கர் போச்சு இல்ல சிஸ்டர்?" என்றார் தப்ரேஸ்.

"கையைக் கீழ விடாதீங்க."

"மெஹ்னாஸ் பழைய குக்கர எங்க அக்காவுக்குக் குடுத்துட்டா. இடம் அடைக்குதுன்னு."

முன்னிருக்கையிலிருந்து சென்னப்பன் அண்ணன் திரும்பாமலே சொன்னார். "புதுசு வர்றதுக்கு முன்னாடி பழசக் குடுத்தா இப்பிடித்தான் பாய். இனிமே சட்டியில வேகட்டும். பிரியாணி சட்டியிலதான் நல்லா இருக்கும்."

தப்ரேஸ் சிரித்துவிட்டார். சிரித்த அதிர்வில் கை வலித்து முகம் சுருங்கியது. வலிக்கிறதே என்று எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. வலி போய்விட்டால்தான் அஞ்ச வேண்டும்.

சென்னப்பன் அண்ணன் வண்டியிலிருந்து இறங்கிப் போக்குவரத்துக் காவலரிடம் போனார். "சார், கை ஹோகுத்தே. ஸ்வல்ப ஜாக பிடி சார்," என்று கைகூப்பினார். கை போய்விடும், கொஞ்சம் இடம் விடுங்கள் என்பது அதன் பொருள். காவலர் ஆம்புலன்ஸுக்குள் எட்டிப் பார்த்தார். பெரிய காயத்தைத் தேடுகிறவர் போல் அவர் கண்கள் அலைந்தன. விரலைக் கண்டதும் விசிலை எடுத்தார். தடுப்புகளில் ஒன்றை நகர்த்தி, எதிர்த்திசை வழியில் எங்களை விட்டார்.

பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு மருத்துவமனை வாசலில் நின்றோம். மருத்துவர் தாளை வாங்கி, நின்றபடியே படித்து, "நல்லது, பெயின்ட் மாதிரி வேகமா அரிக்கறது இல்ல," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மூன்று மணிக்கு மெஹ்னாஸ் வந்தார். கிருஷ்ணகிரியிலிருந்து இரண்டு பேருந்து மாறி, தனியாக வந்திருந்தார். என் சீருடையைப் பார்த்து நேராக என்னிடம் வந்தார்.

"காலையில பார்த்தது நீங்களா?"

"ஆமாங்க. ஒன்பதரைக்குப் பார்த்தேன். அப்ப எனக்குத் தெரியலைங்க. பிளாஸ்திரி போட்டு அனுப்பிட்டேன்."

அவர் பக்கத்து நாற்காலியில் வைத்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "உக்காருங்க," என்றார். "எங்கிட்டயும் மறைச்சிருப்பாரு. குக்கர் குக்கர்னு நான்தான் சொல்லிட்டே இருந்தேன்."

நாலரை மணிக்கு மருத்துவர் வெளியே வந்தார். முகக்கவசத்தைக் கழற்றிய பிறகுதான் அவர் முகம் எனக்குப் புரிந்தது.

"விரல் இருக்குது. எண்ணெய் உள்ளங்கையோட ஓரத்துல நின்னிருந்தது. எல்லாத்தையும் திறந்து கழுவிட்டோம். நுனியில கொஞ்சம் கறுத்திருக்குது, அது போகலாம். கை போகாது." பிறகு என்னைப் பார்த்து, "நேரத்தையும் இடத்தையும் சரியாச் சொன்னீங்க. மோட்டார் கீட்டார்னு வந்திருந்தா நான் உள்ளங்கையத் தொட்டிருக்க மாட்டேன்," என்றார்.

மெஹ்னாஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு அழுத்திப் பிடித்தார் என்றால், மறுநாள் மணிக்கட்டில் வளையல் தடம் இருந்தது. சென்னப்பன் அண்ணன் எங்கோ போய் வடையும் தேநீரும் வாங்கி வந்தார். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில், ஒரு நோயாளியின் மனைவி பார்த்திருக்க, நான் நான்கு வடைகளைச் சாப்பிட்டேன். அந்த நான்கு வடைகளைப் போல் சுவையான எதையும் நான் பிறகு சாப்பிட்டதில்லை.

மறுநாள் பலகையில் பூஜ்யம் இருந்தது. முதல் பேருந்திலேயே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். "குக்கர் சிஸ்டர் ஏர்றாங்க, வழி விடுங்கப்பா." உணவகத்தில் குழம்பு ஊற்றுபவர் காய் வராதபடி பார்த்து என் தட்டில் ஊற்றினார். ஒப்பந்த நிறுவனம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஒன்பதரை மணிப் பதிவைச் சுட்டிக்காட்டி, இனி ஓர் ஆண்டுக்குப் பதிலாக ஆறு மாதத்துக்கே ஒப்பந்தம் என்று அதில் இருந்தது. கடிதத்தில் எழுதப்பட்டிருந்தது உண்மை என்பதால் பதில் எழுதவில்லை.

வியாழக்கிழமை காலை பொற்கொடி வந்து நின்றார். அன்று மாத்திரை கேட்கவில்லை. கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"எங்க வீட்டுப் பருப்ப இனிமே நீங்களே வந்து வேக வெச்சுக் குடுங்க சிஸ்டர்."

"வர்றேன் பொற்கொடி. தலைவலியா?"

"தலையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல." முழுக்கைச் சட்டையின் கையை மெல்லச் சுருட்டினார். முழங்கைக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குத் தீக்காயம். பன்னிரண்டு நாட்களாகிறது என்றார். சாலிடரிங் இரும்பு பட்டது. மஞ்சளைப் பூசித் துணி சுற்றி, என்னிடம் வாங்கிய தலைவலி மாத்திரையைத் தின்று வேலை செய்திருக்கிறார். காயத்தின் ஓரம் சீழ் பிடித்திருந்தது.

"ஏன் சொல்லலை?"

"நான் சொல்லி நின்னுபோச்சுன்னா என்னைக் கொன்னுருவாங்க. இப்பதான் ஏற்கெனவே நின்னுபோச்சே. இனிமே என்ன."

காயத்தைக் கழுவும்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்துக் கட்டுப் போட்டதும் நீளமாக மூச்சு விட்டார். "அப்பாடா. ஒரு வாரமா அந்தக் கையத் தலையணைக்கு அடியில வெச்சுத் தூங்கறேன் சிஸ்டர்," என்றார். கதவைத் திறந்து வெளியே யாரிடமோ, "வாடி, ஒண்ணும் திட்ட மாட்டாங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரத்தில் பதினொரு பேர் வந்தார்கள். வீங்கிய மணிக்கட்டு, நசுங்கிய கால்விரல், கண்ணில் பட்ட துகள், தையல் போடாமல் தானாக ஆறியிருந்த வெட்டு. பூஜ்யம் எத்தனை பேருக்கு இளைப்பாறுதல் தந்தது என்பதை நான் அந்தப் பதினொரு பக்கங்களில்தான் அறிந்தேன். எல்லாவற்றையும் பேனாவால் எழுதினேன். மதியம் வந்த சுரேந்தர் சார் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எதையும் மாற்றச் சொல்லவில்லை. "இத்தனை பேரா," என்று கேட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். மாதம்மாள் அக்கா அவரையும் கை கழுவி வரச் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை முதல், அழுத்தத்தை இறக்காமல் எண்ணெய்க் குழாயைத் தொடக்கூடாது என்றும், கசிவைக் கையால் தடவாமல் குச்சியில் கட்டிய அட்டையால் பார்க்க வேண்டும் என்றும் பிரஸ் பிரிவில் எழுதி ஒட்டப்பட்டது. அட்டைகள் போதவில்லை என்று இரண்டாம் நாளே குறை வந்தது. அதைக் கேட்டபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

தப்ரேஸ் வேலைக்குத் திரும்பியதும் முதலில் மருத்துவ அறைக்கு வந்தார். கேட்காமலேயே கை கழுவிக்கொண்டார். விரலை மடக்கிக் காட்டினார். முழுதாக மடங்கவில்லை, ஆனால் மடங்கியது.

"ஸ்பேனர் புடிக்குது சிஸ்டர். சின்ன நட்டுதான் தடவறப்ப தெரிய மாட்டேங்குது."

"தடவறதே வேணாம்னு எழுதி ஒட்டியிருக்குது, பார்க்கலையா?"

"அது ஓசுக்கு. இது நட்டு," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பணிக்குத் தகுதியானவர் என்ற சான்றில் கையெழுத்திட்டேன்.

இழந்தவற்றை மட்டும் எழுதி முடித்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன்.

தப்ரேஸின் வலது ஆட்காட்டி விரலின் நுனி, நகத்தில் பாதி வரை. அந்த விரலின் உணர்ச்சியில் ஒரு பங்கு.

அவருடைய வேலை நாட்கள், அறுபத்து மூன்று.

நான்காம் எண் பிரஸ் ஓடாமல் நின்றது, ஒன்றரை நாள்.

பலகையில் இருந்த நாட்கள், நானூற்றுத் தொண்ணூற்றேழு.

குக்கர்கள், அறுநூற்றுப் பன்னிரண்டு.

என் ஒப்பந்தத்தில், ஆறு மாதம்.

நான் திருப்பி அனுப்பியதால் அவருக்குப் போன நேரம், இரண்டு மணி இருபது நிமிடம்.